புஸ்பம் அக்கா காட்டுக்குப் போன காரணம்

செய்தி முதலில் என்னிடம்தான் வந்தது. அன்று பின்னேரம் எங்கள் அகதி விடுதியான ஹைமின் குசினியில் வழக்கம்போல எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் சமைத்துக்கொண்டிருந்தன. விடுதியைப் பார்த்துக்கொள்கிற ஜேர்மன்காரர் வாசலில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் அவருடைய பேச்சு ஓரளவு விளங்குவது எனக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்ததாகவும், புஸ்பம் அக்கா இறந்துவிட்டதாகவும் அவர் மெதுவாகச் சொன்னார். மற்றவர்களுக்கு நீ சொல்லிவிடு என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் திரும்பினேன். பரமேஸ் மாமி வெங்காயத்தைக் கிளறியபடியே, "என்னவாம் பிள்ளை, இண்டைக்கும் சுடுதண்ணி வராதாமோ?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அந்தக் குசினியில் அக்கா அப்போதும் உயிரோடுதான் இருந்தார். நான் வாய் திறக்காதவரை அவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு, வெங்காயம் கருகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்.

அவர் உடுப்புத் தோய்க்கும் அறையில் விழுந்ததும், தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்ததென்று வைத்தியர் சொன்னதும் ஹைமில் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் தெரியும். வன்னியில் காட்டோரக் கிராமமொன்றில் பிறந்து வளர்ந்தவர், தம்பியைத் தேடி இராணுவம் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய பிறகு, கணவரையும் சின்ன மகளையும் விட்டுவிட்டுக் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்தவர் என்பதும் தெரியும். அவர்களை இங்கே கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு இருக்கவில்லை என்பதும் தெரியும். உங்களுக்குத் தெரியாததைத்தான் நான் எழுதுகிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கில் வாசிக்கவும், பிரதி எடுத்து ஊருக்கு அனுப்பவும் என் சித்தப்பா ஒரு நினைவுரை எழுதியிருக்கிறார். என் கையெழுத்து வடிவு என்று அதைத் துப்புரவாக எழுதும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார். அதில் அக்கா அமைதியே உருவானவர் என்று இருக்கிறது. அறையை விட்டு வெளியே போகாதவர் என்றும் இருக்கிறது. இந்த இரண்டாவது வசனத்தை என்னால் எழுத முடியவில்லை.

அதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அக்காவின் கணவர் தருமலிங்கம் அண்ணை வவுனியாவுக்கு வந்து காத்திருந்தார். சித்தப்பா தபாற்கந்தோர்த் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று பேசினார். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதால் மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது. எப்படி நடந்தது, நோவு இருந்ததோ, ஆர் பக்கத்தில் நிண்டது என்று கேட்டார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு தருமலிங்கம் அண்ணை கேட்டார்: "அண்ணை, அவ ஏன் காட்டுக்குப் போனவ?"

"ஆர் உமக்கு அப்பிடிச் சொன்னது?" என்றார் சித்தப்பா. "அவ ஒரு இடமும் போறேல்லை."

"சரி அண்ணை" என்று அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. நம்பியவர் அப்படிச் சொல்லமாட்டார். இங்கிருந்து யாரோ அவருக்கு எதையோ எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா கெட்டவர் அல்ல. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை நாங்கள் வேலை செய்யக்கூடாது. அக்கா காட்டில் ஒரு ஜேர்மன்காரருக்கு உதவினார் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிந்தால் ஹைமில் உள்ள எல்லாருடைய விண்ணப்பமும் கெட்டுப்போகும் என்று அவர் பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன். ஊரில் இருக்கும் என் அம்மாவையும் தங்கச்சியையும் இங்கே கூப்பிடுவது சித்தப்பாவின் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். அக்கா காட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் நான் கூடப் போனேன்.

அது போன குளிர்காலத்தில் முதல் பனி கொட்டிய நாளில் தொடங்கியது. பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது அக்கா காட்டோரத்தில் குந்தியிருந்தார். எல்லாரும் பனியை அள்ளி எறிந்து விளையாடிக்கொண்டிருக்க, அவர் பனியில் பதிந்திருந்த குளம்புத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, இது எங்கட மண்ணைவிட நல்லமடி. ஆர் வந்தது, ஆர் போனது எல்லாம் அப்பிடியே கிடக்கு" என்றார். அப்போது ஒரு கிழவர் நாயோடு நொண்டிக்கொண்டு வந்து, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். அவர்தான் ஹெர் வெல்லர். அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். வழி தவறவில்லை, மான் எந்தப் பக்கம் போனதென்று பார்க்கிறோம் என்று நான் சொன்னபோது அவர் அக்காவைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார்.

அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. ஒரு பெரும் புயலில் அந்தக் காட்டின் பாதி விழுந்து, விழுந்த இடமெல்லாம் ஊசியிலை மரக் கன்றுகள் ஆள் புகமுடியாத பற்றையாக வளர்ந்திருந்தன. மான்கள் கன்றுகளின் குருத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுட்டுக் குறைப்பது அவருடைய பொறுப்பு. வேட்டைக்கு ஏறி இருக்கும் பழைய பரண்கள் உக்கிப்போயிருந்தன. உக்காதவற்றிலிருந்து பற்றையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இளவேனில் முடிவதற்குள் புதிய பரண்களுக்கு இடம் பார்க்கவேண்டும். அவருடைய முழங்காலோ மடங்காது. இதை நான் மொழிபெயர்த்தபோது அக்காவின் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. "பரணோ?" என்றார். "இஞ்சயும் பரண் கட்டுறவையோ?"

அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. அவர் முதலில் காட்டிய இடம் படுபிழை. காட்டுக்குள் ஒரு சிறு குளம் இருக்கிறது. அதைக் கண்டதும், "இதுக்கு மேல என்ன யோசினை? தண்ணிக்கு வராமல் மான் எங்க போகும்?" என்று அடித்துச் சொன்னார். வன்னியில் கோடையில் அவருடைய தகப்பன் தண்ணீர் தேங்கிய பள்ளங்களுக்கு மேலேதான் பரண் போடுவாராம். ஹெர் வெல்லர் மழைக்கோட்டின் கழுத்தை உயர்த்திவிட்டு வானத்தைக் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. இங்கே மான் தண்ணீர் தேடிப் போவதில்லை. இலையில் நிற்கும் ஈரமே அதற்குப் போதும் என்றார். அக்கா நனைந்த தலையோடு கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தார். "ஓம். தாகமில்லாத ஊர்" என்றார். "ஐயாவிட்டைச் சொல்லு, நான் இப்பதான் வந்தனான், காட்டோட இன்னும் பழகேல்லை எண்டு."

அதன் பிறகு அவர் பழகினார். ஹெர் வெல்லர் மேட்டில் நின்ற பெரிய ஓக் மரத்தை விரும்பினார். அங்கிருந்து நாலு பக்கமும் தெரியும். அக்கா, "எங்களுக்கு வடிவாத் தெரியும். மானுக்கும் எங்களை வடிவாத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பற்றைக்குள் நாலு காலில் புகுந்தார். உள்ளே மான்கள் நடந்து நடந்து உண்டான வழிகள் சுரங்கம்போல இருந்தன. நின்றால் தெரியாது, குனிந்தால்தான் தெரியும். மானின் உயரத்தில் இருந்து பார்த்தால்தான் அது எங்கே தலையை நீட்டும், எங்கே நின்று மணம் பிடிக்கும் என்று தெரியுமாம். நாங்கள் வெளியே காத்து நிற்போம். எங்கோ தள்ளி ஒரு கிளை ஆடும். பிறகு நாங்கள் நினைத்திராத பக்கத்திலிருந்து அக்காவின் தலை வெளியே வரும். நாய்கூட ஏமாந்துபோகும்.

பற்றையின் நடுவில் மான்கள் படுத்த இடங்களை அவர் கண்டுபிடித்தார். பரணை அங்கேயே போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அக்கா சொன்னது: "படுக்கிற இடத்துக்கு ஒருநாளும் போகக்கூடாது, பிள்ளை. ஒருக்கால் உன்ர மணம் அதில விழுந்தால் அது பிறகு அந்தப் பக்கமே வராது. படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில ஒரு வழி இருக்கும். அந்த வழியில, தள்ளி நிக்கவேணும்." நான் இதை மொழிபெயர்த்தபோது ஹெர் வெல்லர் தலையாட்டினார். தன் தகப்பனும் இதையே சொல்வார் என்றார்.

காற்றுப் பார்ப்பதற்கு வன்னியில் அடுப்புச் சாம்பலை ஒரு துணியில் முடிந்துகொண்டு போவார்களாம். எங்கள் குசினியில் மின்சார அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? அக்கா ஊர்க் கோயிலிலிருந்து பார்சலில் வந்த திருநீற்றை எடுத்துவந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கையை உயர்த்தி விடுவார். அது போகும் திசையைப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் ஹெர் வெல்லர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றார். அக்கா இடத்துக்காகக் கடவுளைக் கும்பிடுகிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். பல நாள் கழித்து நான் உண்மையைச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகும் தொப்பியைக் கழற்றத்தான் செய்தார். "விடு பிள்ளை" என்றார் அக்கா. "காத்துப் பாத்த மாதிரியும் சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கட்டும்."

ஒருநாள் அக்கா நல்ல இடமொன்று கண்டார். காற்றும் சரி, மாலை வெயிலும் முதுகுக்குப் பின்னால். ஹெர் வெல்லர் வேண்டாம் என்றார். பற்றைக்கு அப்பால் ஊரார் நடக்கும் பாதை ஒன்று இருந்தது. தவறிய குண்டு மண்மேட்டில் போய் முட்டவேண்டும். பின்னால் மேடு இல்லாத இடத்தில் பரண் போட மாட்டேன் என்றார். நான் சொல்லி முடித்ததும் அக்கா அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். "கேட்டியோ, இஞ்ச சுடுறதுக்கு முதல் பின்னால ஆர் நிப்பினம் எண்டு யோசிக்கினம்."

கடைசியில் ஓக் மரத்தில் ஒன்று, பற்றையோரமாக அக்கா காட்டிய வெட்டவெளியின் இரு முனைகளில் இரண்டு என்று பரண்கள் எழுந்தன. முதல் மான் ஹெர் வெல்லர் ஓக் மரப் பரணிலிருந்து சுட்டதில்தான் விழுந்தது. அதை அவர் அக்காவுக்குச் சொல்லச் சொல்லி என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே நச்சரித்தார். ஒரு தொடையை எங்களுக்குத் தந்தார். அதை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு அக்கா காய்ச்சிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் எல்லாரும் சாப்பிட்டீர்கள்.

நினைவிருக்கும் இன்னொரு நாளும் இருக்கிறது. பற்றைக்குள் புகுந்துவந்த ஒரு பின்னேரம், குசினியில் பரமேஸ் மாமி அக்காவின் தலையிலிருந்து காய்ந்த ஊசியிலை ஒன்றை எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"புஸ்பம், காட்டில பாய் ஏதும் விரிச்சிருக்கோ? முழங்காலெல்லாம் மண்."

"மான் வழியால போனனான் மாமி. குனிஞ்சுதான் போகவேணும்."

"ஓமோம். கிழவனும் குனிஞ்சவனோ?"

சிரிப்பு எழும்பியது. அக்காவும் சிரிக்கப் பார்த்தார். "மாமி, அந்தாளுக்கு முழங்கால் மடங்காது" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு வந்தது. அன்றிரவு சித்தப்பா எனக்குத் தடை போட்டார். "உன்ர வாயால எல்லாரையும் பிளேன் ஏத்தி ஊருக்கு அனுப்பப் போறாய்" என்றார். நான் இல்லாமல் அக்காவும் போகவில்லை. தன் பெயருக்காக அல்ல, தருமலிங்கம் அண்ணையின் பெயருக்காக என்று எனக்கு மட்டும் சொன்னார். ஹெர் வெல்லர் ஒருமுறை நாயோடு விடுதி வாசல் படலையடிக்கு வந்தார். அக்கா யன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "காய்ச்சல் எண்டு சொல்லு" என்றார். அந்தக் கோடை முழுதும் அவர் உடுப்புக் காயப்போடும்போது காட்டுப் பக்கமாகத் திரும்பித்தான் நின்றார்.

தகனத்தன்று ஹெர் வெல்லர் பூ இல்லாமல் ஒரு சிறு பச்சைக் கொப்பைப் பெட்டிமேல் வைத்ததைக் கண்டு நீங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டீர்கள். அதன் கருத்தை நான் அன்றே அவரிடம் கேட்டேன். வேட்டைக்காரர் இறந்தால் கூட வேட்டையாடியவர்கள் ஆளுக்கொரு கொப்பு வைப்பது இங்குள்ள வழக்கம். வேறு யாருக்கும் அப்படி வைப்பதில்லையாம்.

இனி நான் சொல்லவேண்டியது ஒன்றுதான். அது சித்தப்பா தடை போடுவதற்கு முன்னர், வைகாசியில் நடந்தது. வெட்டவெளிப் பரண்கள் கட்டி முடிந்து முதல் தடவை உட்காருகிற மாலை. ஒரு முனையில் ஹெர் வெல்லர். மறுமுனையில் அக்காவும் நானும். அசையக்கூடாது, இருமக்கூடாது என்று ஹெர் வெல்லர் பலதரம் சொல்லியிருந்தார். "அசையாமல் இருந்தால் காடு எங்களை மறந்திடும். மறந்தாப் பிறகுதான் ஒவ்வொண்டா வெளியில வரும்" என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். அப்படியே நடந்தது. முதலில் குருவிகள் வந்தன. பிறகு ஒரு முயல். வெளிச்சம் மங்கி, எதிர்ப் பரண் வெறும் கறுப்பு உருவமாக மாறியபோது, பற்றையின் ஓரத்தில் அக்கா சொன்ன அதே இடத்தில் ஒரு மான் தலையை நீட்டியது.

அக்கா மானைப் பார்க்கவில்லை. எதிர்ப் பரணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று இரண்டு கையையும் வாயருகில் குவித்து, காடு முழுதும் கேட்கும்படி நீளமாகக் கூப்பிட்டார். "ஓ... ஓய்!"

மான் போய்விட்டது. குருவிகளும் போய்விட்டன. ஹெர் வெல்லர் வேட்டைத் துவக்கை வைத்துவிட்டு, யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, அந்த முழங்காலோடு வெட்டவெளியைக் கடந்து ஓடிவந்தார். யாருக்கு என்ன நடந்தது என்று கீழே நின்று கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கும் என்று பார்த்தோம். அது அழுகையாக மாறியது.

பிறகு அவர் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். ஊரில் அவர்களுக்குக் காட்டோரத்தில், காடு வெட்டிப் பயிர் செய்த ஒரு சேனை இருந்தது. பன்றியும் யானையும் வராமல் இரவில் காவல் இருக்கவேண்டும். ஒரு மூலைப் பரணில் தருமலிங்கம் அண்ணை. மறுமூலையில் மகளை மடியில் போட்டுக்கொண்டு அக்கா. நித்திரை கொள்ளாமல் இருக்க ஒருவரை ஒருவர் கூப்பிடவேண்டும். இவர் கூப்பிட அவர் பதில் கொடுப்பார். "அங்க பரண் எண்டால் சத்தம் போடத்தான். இஞ்ச சத்தம் போடக்கூடாது. எனக்கு மறந்துபோச்சு" என்றார். "இருண்டு வந்திட்டுது. அங்கால பரணில ஒரு ஆள் இருக்கிற மாதிரித் தெரிஞ்சுது. கூப்பிட்டிட்டன்."

ஹெர் வெல்லர் கோபிக்கவில்லை. ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். கணவர் பதில் சொல்லாவிட்டால் அக்கா என்ன செய்வார் என்று கேட்கச் சொன்னார்.

"விடமாட்டன்" என்றார் அக்கா. "எழும்புமட்டும் கூப்பிடுவன்."

இன்றைக்கு வேட்டை முடிந்துவிட்டது, வேண்டுமானால் இன்னொருமுறை கூப்பிடட்டும் என்றார் அவர். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஹைம் வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது சொன்னார்: "கூப்பிட்டிட்டு நான் காதைக் குடுத்துக் கேட்டனான், பிள்ளை. உண்மையாத்தான் கேட்டனான்."

தருமலிங்கம் அண்ணை, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அக்கா பரணில் ஏறுவதற்காகக் காட்டுக்குப் போனார். எதிர்ப் பரணில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஒரு கணம் நம்பக்கூடிய இடம் இந்த நாட்டில் அவருக்கு அது ஒன்றுதான்.

நாளைக்குச் சித்தப்பாவின் உரையைப் பள்ளிக்கூடத்தில் பிரதி எடுக்கும்போது இந்தத் தாள்களையும் சேர்த்து எடுப்பேன். அறையை விட்டு வெளியே போகாதவர் என்ற வசனத்தை எழுதமாட்டேன். சித்தப்பா, உங்களுக்கு முன்னால் பேச எனக்குத் துணிவில்லை. அதனால் எழுதி உங்கள் பெயருக்கும் ஒரு பிரதி வைக்கிறேன். அனுப்புவதா இல்லையா என்று நீங்கள் கேட்கமுதல் ஒன்று ஊருக்குத் தபாலில் போயிருக்கும்.

அக்காவின் உடுப்புகளைப் பகிர்ந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் அந்தக் கூப்பிடுதல் இருக்கிறது. தாழத் தொடங்கி, நடுவில் ஏறி, கடைசியில் இறங்காமல் அப்படியே நிற்கும். யாரும் இல்லாத நேரத்தில் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்; இன்னும் மறக்கவில்லை. தருமலிங்கம் அண்ணை, உங்கள் மகள் வளர்ந்து, அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குக் கூப்பிட்டுக் காட்டுவேன். பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது.